பிலடெல்பியாவில் கிளம்பி ஹைதராபாத் வந்த மாத்திரை

இமாட்டினிப் மாத்திரையைச் சாப்பாட்டோடு விழுங்கிவிட்டு ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். பெரியவர்களுக்கு வழக்கமாக நாளுக்கு 400 மில்லிகிராம். காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றிக் கொஞ்சம் வீங்கியிருக்கும். இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். அதைத் தவிர வெளியில் தெரிகிற மாதிரி ஒன்றும் இருக்காது. இதைத் தினமும் போட்டுக்கொண்டு ஆட்டோ ஓட்டுகிறவர்கள், பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறவர்கள், மாவு மில் நடத்துகிறவர்கள் ஹைதராபாத்திலும் இருக்கிறார்கள், சென்னையிலும் மதுரையிலும் இருக்கிறார்கள். இவர்களுக்கு வந்திருப்பது ரத்தப் புற்றுநோய்.

சிஎம்எல் என்று டாக்டர்கள் சுருக்கிச் சொல்லும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் வகை அது. இந்த மாத்திரை வருவதற்கு முன்னால், நோய் தெரிந்த நாளிலிருந்து நான்கைந்து வருடம் என்பதுதான் பொதுவான கணக்கு. எண்பதுகளின் தமிழ், தெலுங்குப் படங்களில் இந்த நோயின் பெயரைச் சொன்னாலே போதும், கடைசிக் காட்சி என்ன என்று தியேட்டரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்தக் கடைசிக் காட்சியை மாற்றிய மாத்திரை இது.

இதன் வரலாற்றைச் சொல்கிற புத்தகங்கள் பெரும்பாலும் 2001 மே 10-ஆம் தேதி, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்ததோடு முடிந்துவிடும். நம்மைப் பொறுத்தவரை அன்றைக்கு அது பாதி வழிதான் வந்திருந்தது. மீதி வழி ஹைதராபாத்தின் ரசாயனக் கூடங்கள், சென்னையின் காப்புரிமை அலுவலகம், சென்னை உயர் நீதிமன்றம், கடைசியாக டெல்லி என்று போனது. முதல் பாதிக்கு எவ்வளவு அறிவும் பொறுமையும் வேண்டியிருந்ததோ, இரண்டாம் பாதிக்கும் அவ்வளவு வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் மாத்திரையின் கதை முழுமையாகும்.

1845-இல் எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட்டும், பெர்லினில் ருடால்ஃப் விர்கோவும், ஒருவரையொருவர் அறியாமல், ஒரே மாதிரியான பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை வெளியிட்டார்கள். மண்ணீரல் பெருத்திருந்தது, ரத்தம் சீழ் போல வெளுத்திருந்தது. வெள்ளை அணுக்கள் அளவு மீறிப் பெருகியதால் வந்த வெளுப்பு அது. அடுத்த நூறு வருடத்தில் இந்த நோய்க்கு ஆர்செனிக் கரைசல் கொடுத்துப் பார்த்தார்கள், மண்ணீரலின் மேல் எக்ஸ்ரே பாய்ச்சிப் பார்த்தார்கள். 1950-களில் புசல்ஃபான் வந்தது, பிறகு ஹைட்ராக்சியூரியா, இண்டர்ஃபெரான். அணுக்களின் எண்ணிக்கை இறங்கும், நோய் போகாது. உண்மையில் குணப்படுத்தியது எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை ஒன்றுதான். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983-லும் வேலூர் சிஎம்சியில் 1986-லும் அது தொடங்கியது. ஆனால் பொருத்தமான சகோதரனோ சகோதரியோ கிடைக்க வேண்டும், பணம் வேண்டும், அந்தச் சிகிச்சையைத் தாங்குகிற உடம்பும் வேண்டும். மூன்றும் சேர்ந்து அமைந்தவர்கள் சிலர்தான்.

நோயின் வேர் எங்கே இருக்கிறது என்பதற்கு முதல் தடயம் கிடைத்தது குழாய்த் தண்ணீரில். பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த பீட்டர் நோவெல், ரத்தப் புற்றுநோய் அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, சாயம் போடுவதற்கு முன்னால் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் அலசினார். தண்ணீரைக் குடித்து அணுக்கள் உப்பின. உள்ளே சிக்கிக் கிடந்த குரோமோசோம்கள் பிரிந்து, எண்ணிப் பார்க்கிற மாதிரி பரவி நின்றன. குரோமோசோம் அவருடைய துறை இல்லை. அதனால் அதே ஊரில் வேறொரு ஆய்வு நிறுவனத்தில் குரோமோசோம்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த இளைஞர் டேவிட் ஹங்கர்ஃபோர்டைச் சேர்த்துக்கொண்டார். சிஎம்எல் நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் மட்டும் இருக்க வேண்டிய அளவைவிடக் குட்டையாக இருப்பதை ஹங்கர்ஃபோர்ட் பார்த்தார். 1960-இல் 'சயன்ஸ்' இதழில் மிகச் சின்னக் குறிப்பாக அதை வெளியிட்டார்கள். கண்டுபிடித்த ஊரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது: பிலடெல்பியா குரோமோசோம். புற்றுநோய் ஒன்றுக்கு மரபணுப் பொருளில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி அடையாளம் கிடைத்தது அதுதான் முதல் முறை.

ஆனால் குட்டையானது ஏன்? ஒரு துண்டு உடைந்து தொலைந்துபோயிற்று என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று காட்டியவர் ஜேனட் ரவுலி. அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கையை நம் ஊர்ப் பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ரவுலி 1948-இல் சிகாகோவில் மருத்துவப் பட்டம் வாங்கினார், மறுநாள் கல்யாணம். நான்கு பிள்ளைகள், நான்கும் ஆண். பிள்ளைகள் வளர்கிற வரை வாரத்தில் சில நாள் மட்டும் வேலை என்று வைத்துக்கொண்டார். டவுன் சிண்ட்ரோம் போன்ற பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான கிளினிக்கில் டாக்டராக இருந்தபோதுதான் குரோமோசோம் மேல் அக்கறை வந்தது. 1961-இல் கணவர் ஒரு வருட ஆய்வு விடுப்பில் ஆக்ஸ்ஃபோர்டு போனார். கூடப் போன ரவுலி அங்கே குரோமோசோம்களைப் பார்க்கும் நுட்பத்தைக் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பியதும், சிகாகோ பல்கலைக்கழகத்தில் தனக்குத் தெரிந்த லியான் ஜேக்கப்சன் என்ற பேராசிரியரிடம் போய், ஒரு நுண்ணோக்கியும் ஓர் இருட்டறையும் கொடுத்தால் போதும், பகுதி நேரமாக வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். ஜேக்கப்சன் கொடுத்தார். அவர் ரத்த நோய் நிபுணர். தன் நோயாளிகளின் அணுக்களைப் பார்க்கச் சொன்னார்.

பத்து வருடத்துக்கு அப்படி ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துச் சாயத்தில் எல்லாக் குரோமோசோமும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். எது எந்த எண் என்று பிரிப்பதே சிரமம். 1970-இல் மறுபடியும் ஆக்ஸ்ஃபோர்டு போனபோது, குரோமோசோம்களைக் கோடு கோடாகக் காட்டுகிற புதிய சாயமுறையைப் பார்த்தார். ஒவ்வொரு குரோமோசோமின் கோட்டு வரிசையும் தனித்தனி. சிகாகோ திரும்பியபின் படம் எடுத்து, வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, கத்தரிக்கோலால் ஒவ்வொரு குரோமோசோமாக வெட்டி, ஜோடி ஜோடியாக அடுக்கினார். பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த பையன்களிடம் தும்மிவிடாதீர்கள் என்று சொல்லி வைத்திருந்ததைப் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அந்த மேஜையில்தான் தெரிந்தது. 22-ஆம் குரோமோசோம் குட்டையாக இருக்கிற ஒவ்வொரு நோயாளிக்கும் 9-ஆம் குரோமோசோம் ஒன்று நீளமாக இருந்தது. இங்கே குறைந்தது எவ்வளவோ அங்கே கூடியது அவ்வளவு. துண்டு தொலைந்துபோகவில்லை, இடம் மாறியிருக்கிறது. 1973-இல் 'நேச்சர்' இதழில் அது வெளியானது. அதற்குச் சற்று முன்பு வேறொரு ரத்தப் புற்றுநோயில் 8-க்கும் 21-க்கும் நடுவில் இதே மாதிரி இடமாற்றம் இருப்பதையும் அவர் கண்டிருந்தார். குரோமோசோம் மாற்றங்கள் புற்றுநோயின் விளைவு, காரணம் அல்ல என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அவரை நம்பவே மற்றவர்களுக்குப் பல வருடம் பிடித்தது. 88 வயதில், 2013 டிசம்பரில் இறக்கிற வரைக்கும் அவர் இந்தத் துறையை விட்டு நகரவில்லை.

அடுத்த பத்து வருடத்தில் இடம் மாறிய துண்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. 9-ஆம் குரோமோசோமில் இருக்க வேண்டிய ஏபிஎல் என்ற மரபணு, 22-இல் உள்ள பிசிஆர் என்ற மரபணுவோடு போய் ஒட்டிக்கொள்கிறது. இரண்டும் ஒட்டிய மரபணு, இயற்கையில் இல்லாத ஒரு புரதத்தைச் செய்கிறது. ஏபிஎல் புரதத்தின் வேலை, அணுவைப் பெருகச் சொல்லும் கட்டளைகளைக் கடத்துவது. தேவைப்படும்போது வேலை செய்யும், பிறகு அடங்கிவிடும். ஒட்டிய புரதமோ மூட மறந்த குழாய்; கட்டளை கொட்டிக்கொண்டே இருக்கும், வெள்ளை அணுக்கள் பெருகிக்கொண்டே போகும். இந்த ஒரு புரதம் மட்டுமே நோயை உண்டாக்கப் போதும் என்பதை 1990-இல் டேவிட் பால்டிமோரின் ஆய்வுக்கூடம் எலிகளில் காட்டிவிட்டது.

இனி, அந்தப் புரதத்தை மட்டும் அடைக்க ஒரு மூலக்கூறு வேண்டும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் சீபா-கைகி நிறுவனத்தில் நிக் லைடனின் குழு அதைத் தேடிக்கொண்டிருந்தது. அந்தக் குழுவுக்கு மூலக்கூறைச் செய்து கொடுத்த வேதியியலாளர் யுர்க் சிம்மர்மன். புரதத்தில் ஆற்றல் தருகிற மூலக்கூறு வந்து உட்காரும் ஒரு குழிவு உண்டு. அதில் போய் இறுக உட்கார்ந்துகொள்கிற மாதிரி ஒரு வடிவத்தை அவர் படிப்படியாகச் செதுக்கினார். வேறு புரதங்களைத் தொடாமலிருக்க ஒரு சின்ன மெத்தில் தொகுதியைச் சேர்த்தார். தண்ணீரில் கரைவதற்கு வேறொரு தொகுதி. அமெரிக்காவில் பிரையன் ட்ரக்கர் என்ற புற்றுநோய் மருத்துவர் அந்த மூலக்கூறுகளை வாங்கிச் சோதித்தார். சிஎம்எல் அணுக்களை அது அழித்தது, நல்ல அணுக்களை அநேகமாக விட்டுவிட்டது. 1996-இல் இதை வெளியிட்டார்கள். அதே வருடம் சீபா-கைகியும் சாண்டோஸும் இணைந்து நோவார்ட்டிஸ் ஆனது.

புதிய நிறுவனத்துக்குத் தயக்கம். இந்த நோய் உள்ளவர்கள் குறைவு. செலவழித்த பணம் வருமா என்ற கேள்வி. ட்ரக்கர் விடாமல் நச்சரித்தார். 1998 ஜூனில் மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதிப்பது தொடங்கியது. 2001-இல் முடிவு வந்தபோது, 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை முழுக்கச் சீராகியிருந்தது. முதல் கட்டச் சோதனையில் யாரும் எதிர்பார்க்கிற முடிவு அல்ல இது. கிளீவெக் என்ற பெயரில் மருந்து கடைக்கு வந்தது.

இங்கேதான் நம் பாதி தொடங்குகிறது. இந்தியாவில் அன்றைக்கு இதன் விலை மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். மேலை நாடுகளில் சிஎம்எல் பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிற நோய். நம்மிடம் வருகிறவர்களில் பலர் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பவர்கள். வீட்டில் சம்பாதிக்கிறவர்கள், சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள். அவர்களுடைய ஒரு வருடச் சம்பாத்தியம் ஒரு மாத மாத்திரைக்குக் காணாது.

ஹைதராபாத்தில் இதற்கான விடை தற்செயலாக வரவில்லை. அந்த நகரம் மருந்து நகரமானதற்கு இரண்டு காரணங்கள், இரண்டும் அறுபதுகள், எழுபதுகளைச் சேர்ந்தவை. ஒன்று ஐடிபிஎல். சோவியத் உதவியோடு மத்திய அரசு ரிஷிகேஷில் ஆண்டிபயாடிக் ஆலையும், ஹைதராபாத் பாலாநகரில் ரசாயன மருந்து ஆலையும், சென்னை நந்தம்பாக்கத்தில் அறுவைச் சிகிச்சைக் கருவி ஆலையும் தொடங்கியது. பாலாநகர் ஆலையில் வேலை கற்றவர்கள் பிறகு வெளியே வந்து சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள். டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தை 1984-இல் தொடங்கிய அஞ்சி ரெட்டி அவர்களில் ஒருவர். கூடவே தார்நாகாவில் இந்திய ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் இருந்தது.

இன்னொரு காரணம் சட்டம். நம் தமிழ் நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார் 1959-இல் கொடுத்த அறிக்கையை அடிப்படையாக வைத்து 1970-இல் புதிய காப்புரிமைச் சட்டம் வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் செய்யும் முறைக்கு மட்டும்தான் என்றது அந்தச் சட்டம். அதே மூலக்கூறை வேறு வழியில் செய்யத் தெரிந்தவர் தாராளமாகச் செய்யலாம். வேறு வழி கண்டுபிடிப்பதில் ஹைதராபாத் வேதியியலாளர்கள் கெட்டிக்காரர்கள் ஆனது இப்படித்தான். இந்த வளர்ச்சிக்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். நகரத்தின் மேற்கே படான்செருவில் மருந்துத் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியேற்றிய இடத்தில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007-இல் சுவீடன் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மலிவு மருந்தின் கணக்கில் அந்த ஊர்க் கிணறுகளும் ஏரிகளும் சேர வேண்டும்.

நாட்கோ பார்மா 1981-இல் ஹைதராபாத்தில் தொடங்கியது. வி.சி. நன்னபனேனி 33 லட்சம் ரூபாய் முதலும் 20 ஊழியர்களுமாக ஆரம்பித்த நிறுவனம். நகரத்துக்குத் தெற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள கொத்தூரில் அதன் மாத்திரைத் தொழிற்சாலை இருக்கிறது. 2003-இல் நாட்கோ இமாட்டினிப்பைத் தானே செய்து 'வீநாட்' என்ற பெயரில் வெளியிட்டது. முதலில் வந்தது 100 மில்லிகிராம் கேப்சூல். நாளுக்கு நான்கு விழுங்க வேண்டும். அன்றைய உள்நாட்டு இமாட்டினிப்பின் மாதச் செலவு 8,000 முதல் 10,000 ரூபாய். 1,20,000 எங்கே, இது எங்கே! இதுவும் ஏழைக்குப் பெரிய தொகைதான். ஆனால் நகை அடகு வைத்தோ, தம்பி சம்பளத்தைக் கேட்டோ, முதலாளியிடம் முன்பணம் வாங்கியோ சமாளிக்கிற தொகை. ஒரு லட்சத்துக்கு மேல் மாதாமாதம் என்றால் அதற்கு எந்த வீட்டிலும் வழியில்லை.

நோவார்ட்டிஸ் சும்மா இருக்கவில்லை. இதற்கு ஐந்து வருடம் முன்பே, 1998 ஜூலையில், சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் போட்டிருந்தது. எண் 1602/எம்ஏஎஸ்/98. எம்ஏஎஸ் என்றால் மெட்ராஸ். சிம்மர்மன் செய்த மூல மருந்துக்கு 1990-களின் தொடக்கத்திலேயே வெளிநாடுகளில் காப்புரிமை கேட்டாகிவிட்டது. அப்போது இந்தியாவில் அதற்கு வழியில்லை. அதனால் சென்னையில் கேட்டது மருந்தின் ஒரு குறிப்பிட்ட உப்பு வடிவத்துக்கு: இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா வகைப் படிகம். உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை தரும் சட்டம் இந்தியாவில் 2005-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை இப்படி வந்த விண்ணப்பங்கள் பெட்டியில் காத்திருந்தன. இடைக்கால ஏற்பாடாக 2003 நவம்பரில் நோவார்ட்டிசுக்குத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. அதை வைத்து உள்நாட்டு நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் மறுத்தது. மலிவு மருந்தை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது பயந்து நடுங்கிய காலம்.

2005-இல் சட்டத்தைத் திருத்தும்போது நாடாளுமன்றம் ஒரு பிரிவைக் கவனமாக எழுதிச் சேர்த்தது. 3(டி) என்பது அதன் எண். ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவத்துக்கு, அதன் பலன் கூடியிருக்கிறது என்று காட்டாவிட்டால் காப்புரிமை கிடையாது. உப்பை மாற்றி, படிகத்தை மாற்றி, இருபது இருபது வருடமாக உரிமையை நீட்டிக்கொண்டே போவதைத் தடுக்கும் பிரிவு அது.

சென்னை விண்ணப்பத்துக்கு ஐந்து எதிர்ப்புகள் வந்தன. மும்பையில் உள்ள புற்றுநோயாளர் உதவிச் சங்கம், சிப்ளா, ரான்பாக்சி, பிறகு ஹைதராபாத்திலிருந்து இரண்டு: நாட்கோ, ஹெடெரோ. 2006 ஜனவரி 25-ஆம் தேதி சென்னையின் உதவிக் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் விண்ணப்பத்தை நிராகரித்தார். உலகத்தின் பெரிய மருந்து நிறுவனங்களில் ஒன்றுக்கு, சென்னையில் ஓர் அலுவலக மேஜையிலிருந்து வந்த மறுப்பு.

நோவார்ட்டிஸ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நிராகரித்தது தப்பு என்பதோடு, 3(டி) பிரிவே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றும் வாதாடியது. நீதிபதிகள் ஆர். பாலசுப்ரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் 2007 ஆகஸ்ட் 6-ஆம் தேதி 3(டி) செல்லும் என்று தீர்ப்பளித்தார்கள். ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் இதே பிரபா ஸ்ரீதேவன்தான். தமிழ் வாசகர்கள் அவரை அந்த வழியிலும் அறிந்திருக்கலாம். காப்புரிமை மறுப்பு பற்றிய மேல்முறையீடு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போய், 2009 ஜூனில் அங்கேயும் நோவார்ட்டிஸ் தோற்றது. பிறகு உச்ச நீதிமன்றம்.

2013 ஏப்ரல் 1-ஆம் தேதி நீதிபதிகள் அஃப்தாப் ஆலமும் ரஞ்சனா பிரகாஷ் தேசாயும் தந்த தீர்ப்பைச் சட்டம் படிக்காதவர்களும் படிக்கலாம், அவ்வளவு தெளிவு. பீட்டா படிகம் நன்றாகக் கொட்டும், ஈரத்தை இழுக்காது, கெடாமல் இருக்கும். உடம்பில் 30 சதவீதம் கூடுதலாகச் சேரும் என்று எலிகளில் செய்த ஆய்வை நோவார்ட்டிஸ் காட்டியது. முதல் மூன்றும் மருந்து செய்கிறவருக்கு வசதி. நோயைக் குணப்படுத்தும் பலன் கூடியதாக இதில் எங்கே நிரூபணம் என்று நீதிமன்றம் கேட்டது. மருந்தைப் பொறுத்தவரை பலன் என்றால் நோய் தீர்க்கும் பலன்தான்.

தீர்ப்பில் ஹைதராபாத் கேப்சூல் ஒரு முக்கியமான இடத்தில் வருகிறது. நாட்கோ வீநாட்டை இங்கிலாந்திலும் விற்றது. 2004 பிப்ரவரியில் நோவார்ட்டிஸ் தரப்பிலிருந்து அதற்கு வக்கீல் நோட்டீஸ் போனது. வீநாட்டில் இருப்பது இமாட்டினிப் மெசிலேட், அது சிம்மர்மன் காப்புரிமையிலேயே அடங்கியது, ஆகவே விற்காதே என்றது நோட்டீஸ். நீதிமன்றம் அந்த நோட்டீசை எடுத்து முன்னால் வைத்தது. மெசிலேட் உப்பு பழைய காப்புரிமையிலேயே அடங்கியது என்று இங்கிலாந்தில் சொல்லிவிட்டு, இந்தியாவில் அது புதிய கண்டுபிடிப்பு என்று எப்படிச் சொல்ல முடியும்? மெசிலேட் தெரிந்த பொருளே என்று தீர்ப்பானது. ஒரு பெரிய வழக்கின் முடிச்சு அவிழ்வதற்கு, விற்பனைக்குப் போன ஒரு சின்ன அட்டைப்பெட்டி காரணமாயிற்று.

நோவார்ட்டிசின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2002 முதல் அது மேக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் வழியாக வசதியில்லாத நோயாளிகளுக்கு இலவசமாக மருந்து கொடுத்தது. தீர்ப்பு வந்த சமயத்தில் இந்தியாவில் 16,000-க்கும் மேற்பட்டவர்கள் அப்படிப் பெறுகிறார்கள் என்றது நிறுவனம். அது உண்மையான உதவி. அதை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர் மும்பையில் இருக்கும் விஜி வெங்கடேஷ். நோயாளிகளைக் கூட்டிவைத்துப் பேசவிட்டு, பயத்தைப் போக்கி, ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளப் பழக்கியவர். எழுபது வயதுக்கு மேல் ஃபகத் ஃபாசிலோடு ஒரு மலையாளப் படத்திலும் நடித்தார். அவரைப் போன்றவர்களின் உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் என் கருத்து இது: கம்பெனி மனம் வைத்துத் தருகிற மருந்து கம்பெனியின் மனம் மாறினால் நின்றுபோகும், கடையில் வாங்கக்கூடிய விலையில் இருக்கிற மருந்து அப்படி நிற்காது. நோயாளிக்கு இரண்டும் வேண்டியிருந்த காலம் அது. நிலைக்க வேண்டியது இரண்டாவது.

நாட்கோ இதோடு நிற்கவில்லை. 2012 மார்ச்சில், பாயரின் நெக்சவார் என்ற புற்றுநோய் மருந்துக்கு இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் நாட்கோவுக்குக் கிடைத்தது. மாதம் 2,80,000 ரூபாய் மருந்து 8,800-க்கு வந்தது. அது தனிக் கதை.

மாத்திரை கைக்கு வந்தபின் என்ன ஆயிற்று? ஹைதராபாத் பஞ்சகுட்டாவில் உள்ள நிம்ஸ் மருத்துவமனையில் ரகுநாதராவ் திகுமர்த்தி, செந்தில் ராஜப்பா முதலான மருத்துவர்கள், நோயின் ஆரம்பக் கட்டத்தில் இமாட்டினிப் எடுத்துக்கொண்ட தங்கள் நோயாளிகளின் அனுபவத்தை 2008-இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். வளரும் நாட்டிலிருந்து வந்த அனுபவம் என்று தலைப்பிலேயே சொன்னார்கள். அப்படிப்பட்ட பதிவுகள் மிகவும் முக்கியம். மேலை நாட்டு ஆய்வில் 10 வருடத்துக்குப் பிறகு 83 சதவீதத்துக்கும் மேலானவர்கள் உயிரோடு இருந்தார்கள் என்று 2017-இல் வந்தது. நம்மூரில் மாத்திரை அதே மாத்திரை. பஸ் பிடித்து வந்து போகிற நோயாளி, மழைக்காலத்தில் கூலி இல்லாத குடும்பம், தேர்வு இருக்கிறது என்று மருந்தைத் தள்ளிப்போடுகிற மாணவன், இவையெல்லாம் வேறு.

லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடந்தது. இமாட்டினிப் பாட்டிலின் மூடியில் ஒரு சின்ன மின்னணுச் சில்லைப் பொருத்தினார்கள். மூடி திறக்கிற ஒவ்வொரு முறையும் அது குறித்துக்கொள்ளும். 87 நோயாளிகள். மாத்திரையை 90 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காகப் போட்டவர்களில், மரபணு அளவில் நோய் நன்றாக அடங்கும் வாய்ப்பு 94.5 சதவீதம். அதற்குக் கீழே போனவர்களுக்கு 28.4. பத்து நாளுக்கு ஒரு நாள் விட்டால் நிலைமை இப்படி மாறுகிறது. 'உடம்பு நல்லாத்தானே இருக்கு, இன்னும் எதுக்கும்மா மாத்திரை' என்று வீட்டில் கேட்கிற மகனுக்கு இந்த எண்களைக் காட்ட வேண்டும்.

நோய் அடங்கியிருக்கிறதா என்பது ரத்த எண்ணிக்கையில் தெரியாது. அது முதல் சில மாதத்திலேயே சரியாகிவிடும். பிசிஆர்-ஏபிஎல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்கும் பிசிஆர் பரிசோதனை வேண்டும். பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் மரபணு பிசிஆர் வேறு, பரிசோதனை பிசிஆர் வேறு. மூன்று மாதத்தில் 10 சதவீதத்துக்குள், ஒரு வருடத்தில் 0.1 சதவீதத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால், அல்லது இறங்கியது மறுபடி ஏறினால், மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று பொருள், அல்லது புரதத்தின் குழிவு உருமாறி மருந்தை உட்காரவிடாமல் தள்ளுகிறது என்று பொருள். அப்படி மாறியவர்களுக்கு டசாட்டினிப், நிலோட்டினிப் என்று அடுத்த தலைமுறை மருந்துகள் இருக்கின்றன. ஆனால் காலத்தில் கண்டுபிடித்தால்தான் அவற்றால் பயன். தனியார் ஆய்வகத்தில் இந்தப் பரிசோதனைக்கு ஒரு முறைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. ஒரு மாத மாத்திரையைவிடப் பரிசோதனைக்கு அதிகம் செலவாகிற வீடுகள் இன்று இருக்கின்றன. பரிசோதனையைத்தான் அவர்கள் தள்ளிப்போடுகிறார்கள்.

உலக சுகாதார அமைப்பு 2015-இல் இமாட்டினிப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. மாத்திரைக்காக நீதிமன்றம் வரை போன நாம், பரிசோதனைக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆய்வகம் இருக்கிறது, கொரோனா காலத்தில் வாங்கிய பிசிஆர் இயந்திரங்கள் இருக்கின்றன. அளவீடு சர்வதேச அளவுகோலுக்குப் பொருந்துகிற மாதிரி ஆட்களைப் பழக்கி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை இலவசமாகச் செய்து கொடுக்க முடியும். மாநில அரசுகள் இதைச் செய்ய வேண்டும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இந்த மாத்திரை போடுகிறவர் இருந்தால், இரண்டு விஷயம் கேளுங்கள்: இன்றைக்கு மாத்திரை போட்டாச்சா, கடைசியாக பிசிஆர் எப்போது பார்த்தது. ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால், அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டாக்டரிடம் எழுதித் தரச் சொல்லுங்கள். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.